முகம் பார்த்துக் கேட்கும் பிள்ளை

கனகத்துக்குப் பேச்சு வராது என்று ஊரில் சொல்வார்கள். வராமல் இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் எல்லாரும் தன்னையே பார்ப்பார்கள் என்ற கூச்சம் சின்ன வயதிலேயே வந்து அவளோடு தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்வாள். ஐந்தாவதோடு அவளை நிறுத்தித் தறிக்குடோனில் தார்க்குச்சியில் நூல் சுற்ற அனுப்பியபோது வீட்டில் அவள் அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கனகம் அழவில்லை.

அன்னூரிலிருந்து கருமத்தம்பட்டி போகிற பக்கத்தில் ஊருக்கு ஊர் விசைத்தறி. தறி ஓடும்போது ஊடை நூலைச் சுமக்கும் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டு போகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் குடோனுக்குள் யாரும் கத்துவதில்லை. முகத்தை நேராகக் காட்டி, குரலை விட்டுவிட்டு, உதட்டை மட்டும் நிதானமாக அசைப்பார்கள். கூடவே விரல்கள் பேசும். நூல் அறுந்தது, சாப்பிடப் போகலாம், முதலாளி வருகிறார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சாடை உண்டு. தள்ளி நிற்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கழிவு நூலை உருண்டை பிடித்து முதுகில் எறிவார்கள். அவர் திரும்பியதும் பேச்சுத் தொடங்கும். இந்தப் பேச்சில் கனகம் கெட்டிக்காரி. வெளியே ஒரு வார்த்தைக்கு ஒன்பது தடவை யோசிப்பவள், குடோனுக்குள் எட்டுத் தறி தள்ளி நின்ற சின்னத்தாயியோடு ஊர்க் கதை முழுவதும் பேசித் தீர்ப்பாள்.

தனபால் அவளைப் பார்த்ததும் அங்கேதான். தறிக்கு உதிரிச் சாமான் மாட்ட வந்திருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சின்னத்தாயியிடம், மூக்கைச் செய்துவிட்டு மிச்சம் இருந்ததில் ஆளைச் செய்திருக்கிறார்கள் என்று கனகம் உதட்டால் சொன்னாள். எதிரே மெருகேறிய இரும்புத் தகடு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. தனபால் அதில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் தறி வீட்டில் பிறந்தவன். சாமானை மாட்டி முடித்துப் போகும்போது அவள் பக்கம் திரும்பித் தன் மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனான். அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது.

தனபாலுக்குச் சொந்தமாக ஆறு தறி. குடோனுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அதில் ஒரு கதவு, அதுவும் எப்போதும் திறந்தே இருக்கும். இரண்டு ஷிப்டும் ஓடும். பகலில் கனகம் மூன்று தறி, தனபால் மூன்று தறி. எண்பத்தெட்டில் பெண் குழந்தை பிறந்தபோது தொட்டிலைக் குடோன் உத்தரத்திலேயே கட்டினார்கள். வேலையும் பார்த்துக்கொண்டு பிள்ளையையும் பார்க்கத் தோதான இடம் அதுதான். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். அத்தனை சத்தத்திலும் குழந்தை தூங்கியது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழித்துக்கொண்டு அழும். தறிக்காரன் பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வந்தவர்களிடம் தனபால் பெருமையாகச் சொன்னான்.

லோகப்பிரியா என்று அவன்தான் பெயர் வைத்தான். கோயம்புத்தூரில் ஏதோ ஒரு கடைப் பலகையில் பார்த்த பெயர். பள்ளிக்கூடத்தில் கூப்பிடும்போது கேட்க நன்றாக இருக்கும் என்றான். வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் நூல் உருண்டை பறந்து வரும், அல்லது தோளில் ஒரு தட்டு விழும். பிள்ளை திரும்பி முகத்தைப் பார்க்கும். அப்புறம் சொல்ல வேண்டியதை உதட்டால் சொல்வார்கள். ஒரு தடவை சொன்னால் போதும். அப்பாவின் சோற்றுப் போசியை எடுத்து வா என்றால் எடுத்து வருவாள். மூன்று வயதில் அவள் புருவத்தைத் தூக்கிப் பதில் சொல்வதைப் பார்த்து, கண்ணாலேயே பேசுகிறாள் என்று சின்னத்தாயி கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வாயால் அவள் அதிகம் பேசவில்லை. அம்மா மாதிரி என்று விட்டுவிட்டார்கள்.

ஆறு வயதில் அன்னூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். வருஷக் கடைசியில் அவளை அதே வகுப்பில் நிறுத்திவைத்தார்கள். எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள், படிக்கச் சொன்னால் படத்தைப் பார்த்துத் தானாக ஏதோ சொல்கிறாள், சொல்வதெழுதலில் வெறும் தாளைக் கொடுக்கிறாள், காலையில் கொஞ்ச நேரம் போனதும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுகிறாள் என்றெல்லாம் சொன்னார்கள். கவனம் இல்லை, கவனம் இல்லை என்று எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கனகம் தலையாட்டினாள். வீட்டில் அறுந்த நூல் முனையை அவளுக்கு முன்னால் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு எப்படிக் கவனம் இல்லாமல் போகும் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டாம் தடவை ஒன்றாம் வகுப்பில் ஞானாபரணம் டீச்சர் வந்தாள். கோயம்புத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். முதல் மாதத்தில் அவளும் லோகப்பிரியாவைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தாள். இரண்டாம் மாதத்தில் கனகத்தை வரச் சொன்னாள். தான் பாடம் நடத்தும்போது மற்ற பிள்ளைகள் தன் முகத்தைப் பார்ப்பார்கள், புத்தகத்தைப் பார்ப்பார்கள், எங்கேயோ பார்ப்பார்கள். இவள் தன் வாயையே பார்க்கிறாள் என்றாள். போர்டில் எழுதத் திரும்பினால் அந்த நொடியே இவள் வேறு எங்கோ போய்விடுகிறாள். வருகைப் பதிவு எடுக்கும்போது குனிந்து பெயர் கூப்பிட்டால் பதில் இல்லை, நிமிர்ந்து கூப்பிட்டால் உண்டு.

“காது கேக்குதான்னு ஒரு தடவை பாத்துடுங்கம்மா. எனக்கு சந்தேகமா இருக்கு.”

அன்று சாயங்காலம் கரண்ட் போய்த் தறி நின்ற நேரத்தில் கனகம் இதைத் தனபாலிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

“கேக்காத காதா? கூப்பிட்டா திரும்பறாளே புள்ள.”

“எப்படிக் கூப்படறோமுங்க?”

தனபால் பதில் சொல்ல வாயெடுத்தான். கையில் ஒரு நூல் உருண்டை இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான். பிள்ளை அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தறி நின்று வீடே அமைதியாக இருந்தது. லோகப்பிரியா என்று தனபால் கூப்பிட்டான். கொஞ்சம் சத்தமாக மறுபடியும் கூப்பிட்டான். அவள் கல்லைக் கல்லின் மேல் அடுக்கிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் தடவை கத்தியபோது திரும்பினாள். சத்தத்துக்குத்தான் திரும்பினாள், பெயருக்கு இல்லை என்று கனகத்துக்குப் பட்டது.

ஆடி முடிந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சின்ன அறைக்குள் பிள்ளையை உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்று ஒரு பெண் சொல்லிக் கொடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்று கனகம் பார்த்தாள். பிள்ளை கையைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். தூக்காமல் விட்ட தடவையே இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள். காது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். தனபாலின் முகம் தெளிந்தது. கனகம் அந்தக் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதில் குறை என்றால் மருந்து இருக்கும். குறையே இல்லை என்றால் என்ன செய்வது?

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். தனபால் சொன்னான். தொட்டில் எங்கே கட்டியிருந்தீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னான். டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

“காது வெறும் வாசல்தானுங்க. கேக்கறது உள்ள இருக்கற மூளை. உங்க ஊர்ல ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரி இருக்குமில்ல? ஆள் நடந்தா தடம் இருக்கும். நடக்காட்டி முள்ளு மூடிக்கும்.”

பிறந்த குழந்தையின் மூளை எதையும் முடிவு செய்துகொண்டு வருவதில்லை, முதல் சில வருஷங்களில் எந்த வழியாகப் பேச்சு வருகிறதோ அந்த வழியைத்தான் அகலப்படுத்திக்கொள்கிறது என்று அவர் விளக்கினார். மற்ற குழந்தைகளுக்குப் பேச்சு காது வழியாகப் போகிறது. இவளுக்குக் கண் வழியாகப் போயிருக்கிறது. ஓயாமல் ஒரு சத்தம் இருக்கும் இடத்தில் வளர்கிற குழந்தை, சத்தத்தை ஒதுக்கித் தள்ளக் கற்றுக்கொள்கிறது. தறியை ஒதுக்கும்போது பேச்சையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறது. வகுப்பில் டீச்சர் பேசுவது இவள் காதில் விழுகிறது, ஆனால் அதிலிருந்து வார்த்தையைப் பிரித்தெடுக்க மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு பாடுபடுகிறாள். சீக்கிரம் களைத்துப்போய் ஜன்னலைப் பார்க்கிறாள். கவனம் இல்லாமல் இல்லை, கவனம் செலவாகிவிடுகிறது. எழுத்து என்பது ஒரு சத்தத்துக்குப் போட்ட அடையாளம். சத்தம் தனித்தனியாகப் பிரியாதவளுக்கு எழுத்தை எதில் கொண்டுபோய் மாட்டுவது? அதனால்தான் படிப்பு வரவில்லை.

முள் மூடினாலும் தடம் அழிந்துவிடாது, இந்த வயதில் வெட்டிவிடலாம், வயது ஏற ஏற வேலை அதிகம் என்றார். மருந்து கிடையாது. தினமும் கொஞ்ச நேரமாவது தறிச் சத்தம் இல்லாத இடத்தில் பிள்ளையோடு நிறையப் பேச வேண்டும். பேசுகிறவர் முகம் அவளுக்குத் தெரியாத மாதிரி பேச வேண்டும். வகுப்பில் மட்டும் முன் பெஞ்சில் உட்கார வைத்தால் போதும்.

“வீட்டுல யாரு நல்லாப் பேசுவீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

தனபால் கனகத்தைப் பார்த்தான். கனகம் தரையைப் பார்த்தாள்.

விஷயம் வெள்ளகோவிலுக்கு எட்டியது. அங்கே தனபாலின் அக்கா நஞ்சம்மாள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் இறந்துவிட்டார், மகன்கள் இருவரும் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். தோட்டத்து வீடு, சுற்றிலும் முருங்கைக்காடு, மாடுகள். தறி என்ற பேச்சே கிடையாது. நஞ்சம்மாள் விடிந்து எழுந்தால் படுக்கிற வரைக்கும் பேசுவாள். ஆள் இல்லாவிட்டால் மாட்டோடு பேசுவாள். அன்னூருக்கு வந்து இறங்கியவுடனே முடிவையும் சொல்லிவிட்டாள். இங்கே டி.சி. வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தன்னோடு அனுப்ப வேண்டியது. அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பத்தாவது வரை தானே பார்த்துக்கொள்வது. தனபாலுக்கு இது சரியாகத்தான் பட்டது. தறியை நிறுத்த முடியாது, நிறுத்தினால் சோற்றுக்கு வழியில்லை. அவனுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் சரி என்றான்.

கனகத்திடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் சொல்லமாட்டாள் என்று அவர்களுக்குப் பழக்கம். அவள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். நாத்தனாரை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். நங்கையா சொல்வதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அங்கே சத்தம் இல்லை, பேச்சு இருக்கிறது. டாக்டர் கேட்ட இரண்டும் வெள்ளகோவிலில் இருந்தது, இந்த வீட்டில் இரண்டும் இல்லை. இதற்கு எதிராக எடுத்துச் சொல்ல, பிள்ளை தன்னோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் நஞ்சம்மாள் அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தனபால் தறியை விட்டு வரமுடியவில்லை. தலைமையாசிரியையின் அறை சின்னது. வகுப்பு நடக்கிற நேரமாதலால் வெளியே சத்தமே இல்லை. சுவர்க்கடிகாரம் ஓடுவதுகூடக் கேட்டது. ஞானாபரணம் டீச்சரும் வந்து ஓரமாக நின்றாள். நஞ்சம்மாள் நாற்காலியில் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் சொன்னது, தறிக்குடோன், தம்பியின் கஷ்டம், தன் தோட்டம், தன் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எவ்வளவு நல்லவர் என்பது வரை வந்தாள். தலைமையாசிரியை களைப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு அதுதான் நல்லது என்று அவரும் சொன்னார். இங்கே இன்னொரு வருஷம் இதே வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது, எப்படியும் வருஷக் கடைசியில் டி.சி. கொடுக்க வேண்டி வரும் என்றார்.

டி.சி. எழுத மேஜை இழுப்பறையைத் திறந்தவர், அம்மா என்ற முறையில் கனகத்தைப் பார்த்தார்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

எல்லாரும் கனகத்தைப் பார்த்தார்கள். அவள் உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

“கேக்கலையேம்மா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

மறுபடியும் உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தான் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் கனகம் நினைத்தாள். அந்த அறையின் அமைதியில் தன் குரல் இல்லை என்பது அவளுக்கே அப்போது தெரியவில்லை. நஞ்சம்மாள் பெருமூச்சு விட்டு, அவளுக்கு வராதுங்க, நான்தான் சொல்றேனே என்று தொடங்கினாள்.

சுவரோரம் நின்ற லோகப்பிரியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னாள்.

“அம்மா என்னைய அனுப்ப மாட்டாங்களாமா.”

அறையில் இருந்தவர்கள் பிள்ளை பக்கம் திரும்பினார்கள். அவள் கண்ணை எடுக்கவில்லை. கனகத்தின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“பேசறதை அவங்களே பேசிக்கறாங்களாமா. அத்தை நல்லவங்கதானாமா. ஆனா புள்ளை எனக்கு வேணுமுங்கறாங்க.”

கனகம் கையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது குரல் வந்துவிட்டிருந்தது. தேய்ந்த குரல்தான். பரீட்சை வரைக்கும் விடுங்க, அப்பவும் வரலைன்னா நானே கொண்டுபோய் விடறேனுங்க என்றாள்.

நஞ்சம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீ பேசறயா? கல்யாணமாகி வந்து இத்தனை வருசத்துல நீ எங்கிட்டப் பேசுன பேச்சை ஒரு டம்ளர்ல புடிச்சாலும் பாதி காலியா இருக்குமே கனகு.”

யாரும் சிரிக்கவில்லை. ஞானாபரணம் டீச்சர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலே இல்லாத பேச்சை வார்த்தை பிசகாமல் சொல்லுகிற பிள்ளை மக்கு இல்லை, பரீட்சை வரைக்கும் வைத்துப் பார்க்கலாம் என்றாள். தலைமையாசிரியை இழுப்பறையை மூடினார். ஆனால் பரீட்சையில் வாசிப்பிலும் சொல்வதெழுதலிலும் தேற வேண்டும் என்றார், பிறகு இரண்டில் ஒன்றிலாவது தேற வேண்டும் என்று திருத்திக்கொண்டார். அதற்குக் குறைந்தால் டி.சி.தான்.

கனகம் பிள்ளையோடு வெளியே போய்ப் பேசிவர, சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் அவளுடைய மூன்று தறிகளையும் சேர்த்துத் தனபால் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. ஆறு தறிக்கும் ஒரே ஆள் ஓடுவது லேசில்லை. பேசுவதற்காக ஊரைவிட்டுப் போகிறவள் நீ ஒருத்திதான் என்று அவன் உதட்டால் சொன்னான். சொல்லிவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

ஊரில் எல்லா வீட்டிலும் தறி ஓடியது. சத்தம் எங்கே முடிகிறது என்று கனகம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தேடிப் போனாள். சுப்பண்ணன் தோட்டம் தாண்டி, குட்டைக்கரை தாண்டி, கொள்ளுக்காட்டு வரப்பில் நின்றபோது அது காதிலிருந்து கழன்றது. வரப்பு ஒற்றையடி அகலம். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அவள் முன்னால் நடந்தாள், பிள்ளை பின்னால் வந்தாள். இனிமேல் பேச வேண்டும்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பார்த்ததுதான். அதனால் கண்ணில் பட்டதைச் சொன்னாள். ரெண்டு வெள்ளாடு மேயுது. ஒண்ணு சினையா இருக்குது. கயித்தை அவுத்துட்டு வந்துருக்குது. அவளுக்கே தன் குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. முதல் நாள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். பிள்ளை பின்னாலிருந்து முந்தி ஓடி, எதிரே திரும்பி நின்று, பின்பக்கமாக நடந்தபடி வாயைப் பார்த்தாள். கால் தடுக்கி வாய்க்காலில் விழுந்தாள். எழுந்து பாவாடையைப் பிழிந்துகொண்டு அழுதாள்.

“மூஞ்சியக் காட்டிப் பேசுங்கம்மா.”

“காட்டமாட்டேன் கண்ணு. பின்னால வா.”

பல நாள் இப்படியே போயிற்று. நில் என்றால் நிற்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும், செடியில் மஞ்சள் பூவைப் பறி என்றால் பறிக்க வேண்டும் என்று விளையாட்டு மாதிரி வைத்தாள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை வேறெதையோ செய்துகொண்டிருப்பாள், அல்லது கோபித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்திருப்பாள். வார்த்தையின் முதல் சத்தம் என்ன, கடைசிச் சத்தம் என்ன என்று கேட்கச் சொல்லி ஞானாபரணம் டீச்சர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். ஆடு, ஏரி, ஓணான் என்று கனகம் காட்டில் இருந்ததையெல்லாம் சொல்லிக் கேட்டாள். புத்தகத்தையும் எடுத்துப்போனார்கள். ஐந்தாவதோடு விட்ட எழுத்து அவளுக்கே பாதி மறந்திருந்தது. விரலை வைத்து எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கிப் படித்தாள். அவளைவிட மெதுவாகப் படிக்கிற ஆளைப் பிள்ளை அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. அம்மாவின் விரலைப் பிடித்துத் தள்ளிவிட்டு அடுத்த எழுத்தைத் தானே சொல்லப் பார்த்தாள்.

அரையாண்டுத் தேர்வில் சொல்வதெழுதல் தாள் முன்போலவே வெறுமையாக வந்தது. அன்று வரப்புக்குப் போகவில்லை. நங்கையாவின் வீட்டில் இந்நேரம் பிள்ளை எவ்வளவு பேச்சைக் கேட்டிருப்பாள் என்று தறி முன்னால் நின்று கனகம் கணக்குப் போட்டாள். தன் ஒரு மணி நேரத்துக்கு அங்கே பகல் முழுவதும். தன் ஆசைக்காகப் பிள்ளையின் காலத்தை வீணாக்குகிறேனோ என்று தோன்றியது. அந்த நினைப்பில் ஊடை நூல் அறுந்தது தெரியாமல் துணி ஓடிவிட்டது. தனபால் வந்து தறியை நிறுத்தினான். மறுநாள் நேரமானதும் நூல் உருண்டை ஒன்று அவள் முதுகில் விழுந்தது. திரும்பினால், கிளம்பு என்று அவன் கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

மாசி மாதத்தில் ஒருநாள், குட்டைக்கரையில் நாரைகள் இறங்குவதைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டு போனாள். தனக்கே சொல்லிக்கொள்வது போலத்தான் சொன்னாள். அது நாரையில்லை, கொக்கு என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கனகம் திரும்பவில்லை. திரும்பினால் முகம் தெரிந்துவிடும். நாரைதான் என்று முன்னால் பார்த்தபடியே சொன்னாள். கொக்குத்தான் என்றாள் பிள்ளை. குட்டை தாண்டும் வரைக்கும் அந்தச் சண்டை நடந்தது.

ஏப்ரலில் பரீட்சை. முடிவு சொல்கிற நாளுக்கு முந்தின நாளே நஞ்சம்மாள் வந்துவிட்டாள், பிள்ளையின் துணிக்கென்று காலிப் பையோடு. முடிவு தெரிகிற அன்று மூன்று பேரும் மறுபடியும் அந்த அறைக்குப் போனார்கள். சொல்வதெழுதலில் லோகப்பிரியா தேறவில்லை. பாதிக்கு மேல் தப்பு. ஆனால் தாள் வெறுமையாக இல்லை என்று ஞானாபரணம் டீச்சர் எடுத்துக் காட்டினாள். காதில் விழுந்ததை எழுதியிருக்கிறாள், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியது இல்லை. வாசிப்பில் தேறிவிட்டாள். பாடத்துக்கு வெளியே இருந்து ஒரு பத்தியைக் கொடுத்தபோதும் மெதுவாகப் படித்துவிட்டாளாம். படத்தைக் கையால் மூடிக் கொடுத்தேன் என்றாள் டீச்சர். இரண்டாம் வகுப்புக்கு அனுப்புவதாகவும், முன் பெஞ்சிலேயே இருக்கட்டும் என்றும் தலைமையாசிரியை சொன்னார். டி.சி. பேச்சை எடுக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். நஞ்சம்மாள் காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். முகம் வாடியிருந்தது. அந்தத் தோட்டத்து வீட்டில் அவள் பேசுவதை இந்த நாலைந்து வருஷமாக மாடுதான் கேட்கிறது என்பது கனகத்துக்கு அப்போதுதான் பிடிபட்டது. நங்கையா பிள்ளையைக் கேட்டது பிள்ளைக்காக மட்டும் இல்லை.

“நங்கையா, லீவுக்குப் புள்ளையக் கூட்டிட்டுப் போங்க,” என்றாள் கனகம்.

நஞ்சம்மாள் நம்பவில்லை.

“இவ்வளவு பாடுபட்டு நிறுத்திப்போட்டு இப்ப நீயே அனுப்பறயா?”

“அப்பப் பறிச்சுட்டுப் போறீங்கன்னு இருந்துச்சுங்க. இப்ப விருந்துக்குத்தானுங்க போறா. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு ஒரு வாரம் முன்னால கொண்டாந்து உட்டுருங்க. அங்க உங்க பேச்சைக் கேக்கட்டும்.”

“என் பேச்சைக் கேட்டா அப்பறம் உம்பேச்சைக் கேக்கமாட்டா, பாத்துக்க,” என்று நஞ்சம்மாள் சொன்னாள். மடித்த பையை உதறி விரித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு, தனபாலிடம் சொல்லிவிட்டு, மதிய வெயிலில் அன்னூர் பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். வெள்ளகோவிலுக்கு வழியான திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் பிள்ளை உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்து நிழலில் ஒருவர் வெள்ளரிப் பிஞ்சை நாலாகக் கீறி மிளகாய்த்தூள் தடவி விற்றுக்கொண்டிருந்தார். பிள்ளை அவருடைய கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சம்மாள் உட்கார்ந்த உடனே தொடங்கிவிட்டாள். சிவப்புக் கன்றுக்குட்டி பிறந்திருக்கிறது, அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, என்ன பெயர் வைக்கலாம் அம்மணி என்று கேட்டுக்கொண்டே போனாள்.

“செவப்பா இருந்தா செவலைன்னு வெக்கலாமுங்க அத்தை,” என்றாள் லோகப்பிரியா.

வெள்ளரிக்காரரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. நஞ்சம்மாள் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெயர் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று அடுத்த கதைக்குப் போய்விட்டாள். கீழே நின்ற கனகம் கவனித்தாள்.

பஸ் திரும்பிப் போகிற வரைக்கும் நின்றுவிட்டு, அவள் ஊருக்குப் போகிற டவுன் பஸ்ஸைத் தேடி நடந்தாள். மதியம் நின்ற கரண்ட் இரண்டு மணிக்கு வரும். ஆறு தறிக்கும் தனபால் ஒருத்தனாக நிற்பான்.